திருப்பிப் போட்ட மட்டம்

மறுபடியும் சந்து. ரெண்டு சட்டமும் மூலையில வந்து முட்டுது, உள்பக்கம் ஒட்டுது, வெளிப்பக்கம் பாத்தா பல்லக் காட்டிக்கினு நிக்குது. இன்னா கர்மம்டா இது. நாற்பத்தஞ்சும் நாற்பத்தஞ்சும் சேர்ந்தா தொண்ணூறு, இதுல இன்னா பெரிய வித்தை கீது. கேரம் போர்டுக்கு நாலு சட்டம், நாலு மூலை, மூலைக்கு ரெண்டு நாற்பத்தஞ்சு, அவ்ளோதான் விஷயம். எத்தினி போர்டு செஞ்சிருப்பேன், எவன் எண்ணினான். ராயபுரத்துல எந்தக் கிளப்புல வேணா போய்க் கேளு, துளசிங்கம் போட்ட மூலையில நகம் நுழையாதும்பான். இன்னிக்கு வந்து பாக்கச் சொல்லு அவனுங்கள, நகம் இன்னா நகம், பஸ் டிக்கெட்ட மடிச்சு சொருகலாம். இழைச்சு இழைச்சு சட்டம் வேற குட்டையாகிக்கினே வருது. நல்ல வேங்கைக் கட்டை, முடிச்சு இல்லாத கட்டையா பொறுக்கி எடுத்தாந்தேன், தாராளமா நீளம் விட்டுத்தான் அறுத்தேன், அந்தத் தாராளம் எல்லாம் தோ கீழ தூளாக் கெடக்குது. இன்னும் ஒரே ஒரு வெட்டுக்குத்தான் மரம். அதுலயும் கோணிச்சுன்னா போர்டு அளவு கொறைஞ்சுடும், அளவு கொறைஞ்சா அது கேரம் போர்டு இல்ல, சப்பாத்திப் பலகை. எல்லாம் அவளால. காலையில பெருக்க வந்தவ பெருக்கிட்டுப் போகவேண்டியதுதானே. தொடப்பக்கட்டைய கையில வச்சுக்கினு நின்னா. "இந்தாய்யா, உன் மட்டத்த நான் கீழ போட்டுட்டேன், கோணிக்கினு இருக்கும், பாத்துக்க"ன்னா. உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொல்றா. எனக்கு வந்துச்சே கோவம். கண்ணு இன்னா பொறத்தால கீதான்னு கேட்டேன், சோத்துக்குப் பதிலா இன்னா துன்றன்னு கேட்டேன், இன்னும் என்னென்னமோ கேட்டேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. சாதாரணமா ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றவ அமுலு. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து எனக்கு அடங்கிப் போனதா சரித்திரமே கிடையாது. இன்னிக்கு வாயத் தொறக்காம முன்கட்டுக்குப் போய் தையல் மெஷின்ல உக்காந்துட்டா. தப்பு செஞ்சவ இல்லையா, அதான்.

அந்த மட்டமும் அவ வாங்கியாந்ததுதான், அத மறுக்கல. பாரிமுனைக்கு நூல்கண்டும் ஊக்கும் வாங்கப் போனவ பேப்பர்ல சுத்தி எதையோ எடுத்தாந்து என் மடியில போட்டா. பிரிச்சா ஆங்கிள் மட்டம். கடைவாசல்ல நின்னு நான் அத எத்தினியோ வாட்டி வெறிச்சுப் பாத்ததப் பாத்திருக்கா போல, கம்முனு மனசுல வச்சுக்கினு இருந்திருக்கா. சாதா மூலமட்டம்னா தொண்ணூறு மட்டும்தான் காட்டும், வேற கோணம் வேணும்னா காகிதத்த மடி, அட்டைய வெட்டுன்னு ஒரே பேஜாரு. இதுல அப்படி இல்ல. கைப்பிடி தனி, தகடு தனி. தகட்டச் சுத்திக்கினே வந்தா ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு ஓட்டை கீது, பின்னு அதுல டிக்குனு போய் உக்காரும். தொண்ணூறு, அறுபத்தேழரை, அறுபது, நாற்பத்தஞ்சு, முப்பது. அந்த டிக்கு கேட்டாப் போதும், கண்ண மூடிக்கினு கோடு போடலாம். அறுபத வச்சு ஆறு மூலை ஸ்டூல் செஞ்சேன், அறுபத்தேழரைய வச்சு கோயில் தெரு டாக்டரம்மா வீட்டுக்கு எட்டு மூலையில கண்ணாடிச் சட்டம் செஞ்சேன், எட்டும் கூடுச்சு, பசை தடவறதுக்கு முன்னாலயே தன்னால நின்னுது. எட்டு மூலையில ஒவ்வொண்ணும் மயிரிழை தப்புனாலும் கடைசி மூலை வாயப் பொளந்துடும், தப்பு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும், மனுசனுங்க மாதிரி. அன்னிக்கு அதெல்லாம் கூடுச்சு. இன்னிக்கு கேவலம் நாலு மூலை. அப்ப மட்டத்துக்குத்தான் ஏதோ ஆயிருக்கணும், வேற இன்னா. சிமெண்டுத் தரையில விழுந்தா எந்த மட்டம்தான் தாங்கும். தகட்டு முனையத் தடவிப் பாக்கறேன், ஒரு நெளிசல் இல்ல. கைப்பிடி பித்தளையில ஒரு கீறல் இல்ல. அதுக்கு இன்னா, உள்ளுக்குள்ள பின்னு லூசாகியிருக்கும், வெளிய தெரியாது. மனுசனுக்கு மட்டும் விழுந்தா வெளியவா தெரியுது. ஆனா ஒரு சங்கதி உறுத்துது. காலையிலதானே போட்டேன்னா? மொத மூலைய நான் நேத்து சாயங்காலமே அறுத்துட்டேனே. அதுலயும் சந்துதானே. ஈரக்கட்டை, காஞ்சா சரியாயிடும்னு சொல்லி ஓரமா சாத்தி வச்சது அதுதானே. அட, நேத்தே போட்டிருப்பா, பயந்துக்கினு சொல்லியிருக்க மாட்டா, காலையில மனசு கேக்காம சொல்லியிருப்பா. அமுலுவாவது பயப்படறதாவது. சரி வுடு, மறந்திருப்பா.

மட்டம் கோணலா நேரான்னு தெரிஞ்சுக்க பெரிய ஆராய்ச்சி ஒண்ணும் வேணாம். மட்டத்தக் கையில எடுக்கற எவனுக்கும் தெரியும். ஓரம் நேரா இருக்கற பலகையில கைப்பிடிய ஒட்ட வச்சு, தகட்டோரமா கத்திமுனையால ஒரு கோடு. அப்பால மட்டத்தக் குப்புறத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலேர்ந்து இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்தா மட்டம் நேர். விரிஞ்சு போச்சுன்னா கோணல். ஒரு பீடி பிடிக்கிற நேரம் கூட ஆகாது. காலையிலேர்ந்து செஞ்சிருக்கலாம் இல்ல? செய்யலாம், பலகை ஓரம் நேரா இருக்கணுமே. ஓரத்த இழைச்சு நேராக்கினேன். அப்பால கத்தி மொக்கையா கீதுன்னு அதத் தீட்டினேன். அப்பால வெளிச்சம் பத்தல, மாடிப்படிக்குக் கீழ எப்படிப் பத்தும், பல்பத் தொடச்சு மாட்டினேன். அப்பால சாப்பாடு. நெத்திலிக் கொழம்பு, எனக்குப் புடிச்சது, கோவத்துல பேசாமத் தின்னேன். அப்பால டீ. டீயையும் இப்பல்லாம் பாதி கிளாஸ்தான் ஊத்தறா, கஞ்சப் பிசினாறி, கேட்டா பால் இல்லங்கறா. இப்ப எல்லாம் முடிஞ்சுது, பலகை தயார், கத்தி தயார், வெளிச்சம் தயார், துளசிங்கம்தான் தயாரில்ல. ஏன்டா? எதுக்குடா டபாய்க்கிற? யாரு பாக்கறா இங்க, உனக்கு நீயே சொல்லிக்கயேன். மட்டம் கோணல்னா அவ மேல கோவப்படலாம், பாரிமுனைக்குப் போய் வேற வாங்கலாம், ஜோலி முடிஞ்சுது. மட்டம் நேர்னா? நேர்னா தப்பு கையில. கைன்னா எந்தக் கை, வலது கை இல்ல. வலது கை இன்னிக்கும் ஸ்ட்ரைக்கர வச்சுச் சுண்டினா எதிர் பாக்கெட்டுல காய் தூங்கப் போற மாதிரி போய் விழும். இடது கை. மரத்து மேல மட்டத்த அழுத்திப் புடிச்சுக்கினு இருக்குமே, அந்தக் கை. அடிக்கிற கையத்தான் எல்லாரும் பாப்பான், புடிக்கிற கைய எவன் பாக்கறான். கொஞ்ச நாளா அந்தக் கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடுது. சும்மா இருக்கும்போது ஆடுது, காசு எண்ணுற மாதிரி. தூங்கி எந்திரிச்சாப் போயிடும்னு நெனச்சேன். போகல. குளுருன்னு நெனச்சேன். சித்திரை மாசத்துல இன்னா குளுரு. நைனாவுக்கும் இப்படித்தான். ஹார்பர்ல மூட்டைக் கணக்கு எழுதிக்கினு இருந்தவரு. கடைசி காலத்துல பெஞ்சுல உக்காரும்போது இடது கைய தொடைக்கு அடியில வச்சு அது மேலயே உக்காந்துக்குவாரு. ஏன் நைனான்னு கேட்டா, கை ஜில்லுனு கீதுடாம்பாரு. அப்பால அப்பால ரெண்டு கையும் போச்சு, அம்மா பிசைஞ்சு ஊட்டுவா, அவரு வாயத் தொறந்துக்கினு சுவத்தப் பாத்துக்கினே இருப்பாரு. ஒரு வேள கூட அம்மா மூஞ்சப் பாத்து வாங்கினதில்ல. எனக்கு அந்த வாய்தான் இப்ப ஞாபகம் வருது. வேணாம், அது வேணாம், இப்ப எதுக்கு அது.

போன் அடிக்குது. கவுஸ் பாய், கிளப்பு செகரட்டரி. எடுக்காம வுட்டா நேரா வந்து நிப்பாரு. "இன்னா துளசிங்கம், போர்டு முடிஞ்சுதா? டோர்னமெண்ட் ஃபைனல் டேபிளுக்கு உன் போர்டுதான்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்." முடிஞ்ச மாதிரிதான் பாய், பாலீஷ்தான் பாக்கி. வாய் பொய் சொல்லும்போது மட்டும் ஆடறதே இல்ல பாரு. "உன் மூலையப் பத்தி எனக்கு இன்னா கவலை, நகம் நுழையாது. நானும் பசங்களும் சாயங்காலம் வந்து தூக்கிக்கினு போறோம். நீயும் வா, ஒரு போர்டு ஆடலாம், உன் ஆட்டத்தப் பாத்து எவ்ளோ நாளாச்சு." வரேன் பாய், வேலை ஜாஸ்தி பாய். வேலை இல்ல, ஒண்ணும் இல்ல. போன தடவை அங்க ஆடும்போது இடது கைய சட்டத்து மேல லேசா வச்சிருந்தேன், பழக்க தோஷம். எதிர்ல இருந்தவன் ஸ்ட்ரைக்கர வச்சுட்டு குனிஞ்சு பாக்கறான், நிமிந்து பாக்கறான், மறுபடியும் குனியறான். "அண்ணே, போர்டு அதிருது, யாரோ காலாட்டறாங்க"ன்னான். எல்லாரும் காலத் தூக்கிக்கினானுங்க, நானும் தூக்கிக்கினேன். கைய எடுத்து மடியில வச்சுக்கினேன். அதிர்வு நின்னு போச்சு. அவன் ராணிய அழகாப் போட்டான், நான் கை தட்டல. அன்னிலேர்ந்து கிளப்பு பக்கம் போகல. சாயங்காலம் அவனுங்க வருவானுங்க, மூலையில நகத்த வுட்டுப் பாப்பானுங்க. அது ஒரு வழக்கம் அவனுங்களுக்கு, துளசிங்கத்து போர்டு வந்தா மொதல்ல மூலையில நகத்த வுடறது, நுழையலன்னு சிரிக்கறது. பெரிய நகமா வளத்துக்கினு வரவன் கூட உண்டு. இன்னிக்கு நுழையும். நுழைஞ்சா ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். அதுதான் எனக்கு ஆகாது, திட்டிட்டான்னா கூடப் பரவால்ல, கண்ண அந்தாண்ட திருப்பிக்குவான் பாரு, அது. முன்கட்டுல மெஷின் நின்னுடுச்சு. என் ரம்பச் சத்தம் நின்னா அவ மெஷினும் நிக்குது. ரம்பம் ஓடினா அதுவும் ஓடுது. காலையிலேர்ந்து இப்படித்தான். ஒட்டுக் கேக்கறாளா இன்னா, கேக்கட்டும், காது குளிரக் கேக்கட்டும், மட்டத்த ஒடச்சவளுக்கு இது கூட இல்லன்னா எப்படி.

சரி, வா, பாத்துடலாம். கோணலாத்தான் இருக்கும். பலகைய முட்டுக் குடுத்து வச்சாச்சு. மட்டத்துப் பின்ன தொண்ணூறுல உக்கார வச்சேன், டிக்கு. கைப்பிடி ஓரத்தோட ஒட்டுது, இடது கையால தகட்ட அழுத்திப் புடிச்சேன், கத்திய எடுத்து ஒரே இழுப்பு. திருப்பிப் போட்டேன். அதே புள்ளி. அழுத்து. இழு. எடுத்துப் பாத்தா விரிஞ்சு கெடக்கு! அடியில ஒண்ணா ஆரம்பிச்சு மேல போகப் போக ரெண்டாவது கோடு இடது பக்கமாச் சாஞ்சு, நுனியில நகக்கனம், அரை நூல் இருக்கும். அப்பாடா. அப்பாடான்னு வாய் விட்டே சொல்லிட்டேன். ஏ அமுலு, பாத்தியாமே, உன் லட்சணத்த வந்து பாரு, நல்லாக் கோணி வச்சிருக்க, இனிமே இந்தப் பக்கம் தொடப்பத்த எடுத்துக்கினு வந்த, அவ்ளோதான் சொல்லிட்டேன். முன்கட்டுலேர்ந்து உடனே குரல் வருது, "நான்தான் சொன்னேன்ல, கீழ போட்டுட்டேன்னு. வேற வாங்கிக்கலாம் வுடு." வேற வாங்கிக்கலாமாம், எவ்ளோ சாவகாசமா சொல்றா. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. கட்டைய எடுத்து முத்தம் குடுக்கலாம் போல இருந்துச்சு. மட்டம்தான், மட்டமேதான், நான் இல்ல. கவுஸ் பாய்க்குப் போன் போட்டு உண்மையையே சொல்லிடலாம், பாய், மட்டம் விழுந்து கோணிடுச்சு, ரெண்டு நாள் குடுங்கன்னு கேட்டா குடுக்க மாட்டாரா. இதுல இன்னா வெக்கம், மட்டம் எல்லாருக்கும்தான் கோணும். பீடி ஒண்ணு பத்த வச்சேன். பத்த வச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இன்னொரு வாட்டி பாத்துடலாமேன்னு ஒரு கொழுப்பு. எவ்ளோ கோணல்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன தள்ளி வச்சு இன்னிக்கே அறுத்துடலாமேன்னு ஒரு பேராசை. பக்கத்துல இன்னொரு புள்ளி வச்சு மறுபடியும் ரெண்டு கோடு போட்டேன். விரிஞ்சுதான் கெடக்கு. ஆனா இந்த வாட்டி ரெண்டாவது கோடு வலது பக்கமாச் சாஞ்சிருக்கு. இல்லையே. நான்தான் மாத்திப் பாக்கறேனா. எது மொதல்ல போட்டது, இதுதானே, பிசிறு இல்லாதது. மறுபடியும் போட்டேன். இடது பக்கம், அதுவும் லேசா. மறுபடியும். வலது, நல்லாவே. பீடி வெரல சுட்டுடுச்சு. கோணல் மட்டம் இப்படிச் செய்யாது. கோணல் மட்டத்துக்கு ஒரு நாணயம் உண்டு, எத்தினி தடவை கேட்டாலும் ஒரே பொய்யத்தான் சொல்லும், ஒரே பக்கம்தான் சாயும். இது வாட்டிக்கு ஒண்ணு சொல்லுது. கோடு போடும்போது மட்டம் நகருது. புடிச்சுக்கினு இருக்கறது நகருது. சனியன், எதுக்குடா ரெண்டாவது வாட்டி பாத்த, மொத வாட்டியோட எந்திரிச்சுப் போயிருக்கக்கூடாதா, நாக்குல சனி, கையில சனி, எல்லாத்துலயும் சனி.

ஒரு வழி கீது, கையே படாம பாக்கறது. கதவு காத்துக்கு அடிச்சுக்காம அமுலு முட்டுக் குடுத்து வச்சிருக்கற பழைய கரி இஸ்திரிப் பெட்டி. ரெண்டு கையாலயும் தூக்கினாத்தான் வரும், அவ்ளோ கனம். கொண்டாந்து மட்டத்து மேல ஏத்தி வச்சேன், பாதி கைப்பிடி மேல, பாதி தகட்டு மேல. தள்ளிப் பாத்தேன், அசையல. யோவ், இது கூட வேணாம், இத்தோட வுட்டுடுன்னு உள்ள ஒருத்தன் சொல்றான். இஸ்திரிப் பெட்டி வச்சும் விரிஞ்சுதுன்னா, அப்ப ரெண்டுமே தப்புன்னு சொல்லிக்கலாம், மட்டமும் கோணல், கையும் கொஞ்சம் அப்படி இப்படி, பாதிப் பழிய மட்டத்து மேல போடலாம். பாதி போதும்டா சாமி. பாதியாவது குடு. வலது கையால கத்திய எடுத்து இழுத்தேன். பெட்டியத் தூக்கி, மட்டத்தத் திருப்பிப் போட்டு, பெட்டிய மறுபடியும் ஏத்தி, புள்ளியில கத்திய வச்சு இழுத்தேன். எல்லாத்தையும் எடுத்து ஓரம் வச்சுட்டுக் குனிஞ்சு பாத்தேன். ஒரே கோடு. ரெண்டாவது கோடு எங்க? தேடறேன், பல்ப இறக்கிப் புடிச்சுத் தேடறேன், கத்திமுனைய உள்ள வுட்டுத் தடவறேன். மொதக் கோட்டுக்குள்ளயே ரெண்டாவதும் போய்ப் படுத்திருக்கு. பின்ன நாற்பத்தஞ்சுக்கு மாத்தி, பெட்டிய ஏத்தி, அந்தாண்ட ஒண்ணு இந்தாண்ட ஒண்ணு போட்டு நடுவுல பழைய மூலமட்டத்த வச்சுப் பாத்தேன், உறையில கத்தி போற மாதிரி உக்காந்துச்சு. தங்கமான மட்டம். கடையில இருந்தப்ப எப்படியோ அப்படியே கீது. விழவே இல்ல. அப்பத்தான் பாத்தேன், இடது கையக் காணோம். தொடைக்கு அடியில இருக்கு. எப்பப் போச்சோ தெரியல, தானாப் போய் அங்க உக்காந்துக்கினு இருக்கு. நான் அது மேல உக்காந்துக்கினு இருக்கேன். நைனா, உன் கை ஜில்லுனுதான் இருந்துச்சா நைனா.

விழவே இல்லன்னா அவ ஏன் போட்டேன்னு சொன்னா. நூலக் கோக்கும்போது ஊசி கூடக் கீழ விழாது அவ கையில. நேத்து சாயங்காலம் நான் மூலைய வச்சு வச்சுப் பாத்துக்கினு இருந்தப்ப டீ குடுக்க வந்தா. ரொம்ப நேரம் நின்னா. நான் மூலையத்தான் பாத்தேன், அவ எதப் பாத்தாளோ. ஈரக்கட்டைன்னேன். ஆமாய்யா, ஈரமாத்தான் இருக்கும்னா. டீ பாதி கிளாஸ் இருந்துச்சு. பால் இல்லாமப் பாதி இல்லடா அது, சிந்தாம இருக்கறதுக்குப் பாதி. எத்தினி நாளா பாதி ஊத்தறா, அட நாசமாப் போறவனே, அத்தினி நாளாவா தெரியும் அவளுக்கு? தெரிஞ்சுக்கினு, ராவெல்லாம் மனசுல போட்டு உருட்டிக்கினு, காலையில தொடப்பத்தோட வந்து நின்னு, இந்தாய்யா என்ன திட்டிக்கன்னு தன் தலையக் குடுத்துட்டுப் போயிருக்கா. நானும் திட்டினேன். வஞ்சன இல்லாமத் திட்டினேன். காலையிலேர்ந்து இந்த நிமிசம் வரைக்கும் திட்டறதுக்கு எனக்கு ஆள் இருந்துச்சு, அதனால பயப்பட நேரமில்ல. அதுக்குத்தான் வந்து நின்னிருக்கா. பாவி. இப்ப நான் இன்னா செய்யறது? கோணல்தான்னு சொல்லிடலாம். சாயங்காலம் கவுஸ் பாய்கிட்டயும் அதையே சொல்லலாம், அவளும் ஆமா பாய் நான்தான் போட்டேம்பா, சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுவா. நாளைக்குப் பாரிமுனையில புது மட்டம் வாங்கிக்கினு வருவா. அதையும் ஒரு நாள் கீழ போடுவா. நான் அதுக்கும் திட்டுவேன். எத்தினி மட்டத்த வாங்கறது. எத்தினி மட்டத்த அவ கீழ போடறது.

"அமுலு"ன்னேன். மெஷின் நின்னுச்சு. "இன்னாய்யா, கோணல்தானே? அதான் சொன்னேனே"ன்னு அங்கேர்ந்தே கேக்கறா, குரல்ல ஒரு அவசரம். பலகையப் பாத்தேன், ஒரே கோடு. "கோணல் இல்லமே"ன்னேன். "மட்டம் நேராத்தான் கீது. கைதான்."

தெருவுல மீன்காரம்மா ஒருத்தி யாரையோ கூப்பிட்டுக்கினே போறா. அப்பால ஸ்டூல் நகர்ற சத்தம். புடவை முந்தானையில கையத் தொடச்சுக்கினே வந்தா அமுலு. பலகையப் பாத்தா, இஸ்திரிப் பெட்டியப் பாத்தா, என் தொடைக்கு அடியில பாத்தா. அழுவாளோன்னு பயந்தேன். அழல. தூள ஒரு கையால தள்ளிட்டு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்தா. "பாதி டீ பாதி டீன்னு கத்துவியே, இப்பத் தெரிஞ்சுதா"ன்னா. தெரிஞ்சுதுன்னேன். "ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போறோம், ஏதாவது சாக்கு சொன்ன, இதே பெட்டிய எடுத்து உன் தலையில வைப்பேன்"னா. சரின்னேன். இவ்ளோ சீக்கிரம் நான் சரின்னு சொல்லி அவ கேட்டதே இல்ல, ஒரு நொடி என் மூஞ்சையே பாத்தா. நானும் பாத்தேன். சுவத்தப் பாக்கல.

கடைசி சட்டத்த எடுத்து நடுவுல வச்சேன். ஒரு வெட்டுக்குத்தான் மரம் கீது. பின்ன நாற்பத்தஞ்சுல இறக்கினேன், டிக்கு. மட்டத்த மரத்து மேல வச்சு, எங்க அழுத்தணும்னு வெரலால காட்டினேன். ஊசி குத்திக் குத்தித் தடிச்சுப் போன ரெண்டு கட்டைவிரலையும் கொண்டாந்து வச்சா. நான் கத்திய எடுத்தேன். எடுத்தது எடுத்தபடி உக்காந்திருக்கேன், இழுக்க வரல. நல்லாப் புடிச்சுக்க அமுலு, நகந்துடப் போவுதுன்னேன்.

"புடிச்சுக்கினுதான்யா இருக்கேன். நீ கோடு போடு."